மேற்படி

ஆகஸ்ட் 19, திங்கள்

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் உப்பு யார்டில் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஏழரை மாதமாக அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. இன்று துடைத்து எடுத்து வைத்துக்கொண்டேன். லேபில் பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது, எங்கேயாவது திறக்க வேண்டும் இல்லையா.

நான் எப்சிபா, சிவில் டிப்ளமோ. புறவழிச்சாலை வேலையில் மண் பரிசோதனை லேப் டெக்னீஷியன். மண் என்பது பெயருக்குத்தான். ரயில்வே மேம்பாலத்துக்கு ஏறும் பாதையை அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டித்தான் எட்டு மீட்டர் உயரத்துக்கு எழுப்புகிறார்கள். இந்த ஊரில் அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது? நிலக்கரி எரிந்த சாம்பலோ தண்ணீரோடு குழாயில் வந்து குளம் குளமாகத் தேங்கிக் கிடக்கிறது. அதை அள்ளி வந்து அடுக்கடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கி, பக்கவாட்டில் செம்மண்ணைப் போர்த்திவிட்டால் சாலை.

ஒவ்வொரு அடுக்கும் போதுமான அளவு இறுகியிருக்கிறதா என்று சொல்வது என் வேலை. குழி தோண்டி, எடுத்த சாம்பலை எடை போட்டு, குழிக்குள் மணல் ஊற்றிக் கொள்ளளவு பார்த்து, சாம்பலைச் சட்டியில் வறுத்து ஈரம் பார்க்க வேண்டும். வீட்டிலும் சட்டி, இங்கேயும் சட்டி. வீட்டில் வறுத்ததையாவது தின்னலாம்.

இன்று ஒன்பதாவது அடுக்கு, 95.8 சதவீதம். தொண்ணூற்றைந்து வந்தால் பாஸ்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மேற்படி. பத்தாவது அடுக்கு, 95.4.

(இந்த 'மேற்படி' லேப் ரிஜிஸ்டரில் வந்த பழக்கம். தேதி, அடுக்கு, சாம்பல் எடுத்த இடம், அதன் உச்ச அடர்த்தி என்று பத்துக் கட்டம். முதல் வரியில் முழுதாக எழுதுவேன். கீழே எல்லாம் மேற்படி, மேற்படி. என் வாழ்க்கைக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது.)

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று நல்ல நாள்.

குழி தோண்டும் ஆள் கோயில் கொடைக்குப் போய்விட்டதால் நானே கடப்பாரையைப் பிடித்தேன். பதினோராவது அடுக்கு. கணக்குப் போட்டால் 101.7. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடியும் போட்டேன், அதே 101.7. லேபில் சம்மட்டியால் அடித்து இறுக்கியதைவிடக் களத்தில் ரோலர் கூடுதலாக இறுக்கியிருக்கிறது. அப்படி வருவது உண்டு, புத்தகத்திலேயே இருக்கிறது.

ரோலர் ஓட்டுகிற உச்சிமாகாளி அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது, முப்பது வருசமாக ரோலர். ஓர் அடுக்குக்கு எட்டுத் தடவை போய்வர வேண்டும். கணக்குத் தப்பாமலிருக்க எட்டுப் புளியங்கொட்டையை ஒரு விபூதி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். ஒரு தடவை போய்வந்தால் ஒரு கொட்டை சட்டைப் பைக்கு மாறும், டப்பா காலியானால்தான் இறங்குவார். இன்று இறங்கி வந்து, "எப்சிம்மா, ஒங்க கை ராசியான கை. இனிமே மொத குழி நீங்கதான் போடணும்" என்றார். நான் சிரித்தேன். இந்த வேலையில் இதுவரை யாரும் என்னை ராசியானவள் என்று சொன்னதில்லை.

சாம்பல் ஏற்றிவரும் சுடலைமணியின் லாரி இன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றது. குளத்தின் கடைசிக் கரையில் தண்ணீர் ஏறிவிட்டதாம், நேற்று முதல் குழாய் வாய்ப் பக்கத்திலேயே அள்ளிப் போடுகிறார்களாம், அதனால் வழி குறைவு என்றான். வண்டி சீக்கிரம் வந்தால் எனக்கும் சீக்கிரம் வீடு. இன்னொரு லாபம், சாம்பல் கையில் ஒட்டவில்லை. முன்பெல்லாம் முகப்பவுடர் மாதிரி ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், இரண்டு தடவை சோப்புப் போட வேண்டும். இன்று தட்டியதும் உதிர்ந்துவிட்டது.

குமரகுரு சார் வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தார். தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர், நாமக்கல்காரர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கழுத்தைச் சாய்த்து அவர் ரிஜிஸ்டர் பார்ப்பது கோழி தவிட்டைப் பார்ப்பது போலவே இருக்கும். கொத்துவாரா மாட்டாரா என்று கடைசிவரை தெரியாது. இன்று கொத்தவில்லை. "நல்லா வருதுங்களே" என்றார். ஜனவரியில் நிரந்தரம் பண்ணுகிற பட்டியலுக்கு என் பெயரை அனுப்பப் போவதாகவும் சொன்னார். ஆறு வருசமாக ஒப்பந்தத்தில் கிடக்கிறேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மேற்படி. 102.1!

ஆகஸ்ட் 26, திங்கள்

இவரிடம் நூற்றிரண்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கக் கூடாது. சோற்றில் கையை வைத்தபடியே, "எங்க எடை மேடைல நூறு கிலோ கல்லை வச்சி நூத்திரெண்டு காட்டுச்சின்னா, மேடையப் பூட்டிட்டு ரிப்பேர் ஆளுக்குச் சொல்லி விடுவோம்" என்றார். இவருக்கு உலகமே எடை மேடைதான். பதினெட்டு வருசம் உப்பு லாரிகளை நிறுத்தி நிறுத்தி மனுசரையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டார். இது வேறு, அது வேறு என்று விளக்கினேன். "சரி, ஒனக்குத் தெரியாததா" என்று மோர் கேட்டார்.

ஒனக்குத் தெரியாததா என்றால் என்ன அர்த்தம்? கேட்காமல் விட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மேற்படி. அண்ணாச்சி அடுக்கின் நடுவில் வேப்பங்குச்சி ஒன்றை நட்டு, அங்கேதான் குழி போட வேண்டும் என்கிறார். நடுவில் ரோலர் நன்றாக ஏறியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று குழியில் ஒன்றுதானே, போட்டுவிட்டுப் போகிறேன்.

செப்டம்பர் 9, திங்கள்

காற்று பேயாக அடிக்கிறது. பாதையின் அடிவாரத்தில் வரிசையாக உப்புப் பாத்திகள். சாம்பல் பறந்து போய் உப்பில் விழுகிறது என்று அங்கே வேலை செய்கிற பெண்கள் மேட்டில் ஏறி வந்து சத்தம் போட்டார்கள். நியாயம்தான். வெள்ளை வெளேரென்று இருந்த குவியல்கள் கோலமாவில் மண் கலந்த நிறத்துக்கு வந்துவிட்டன. குமரகுரு சார் என்னைத்தான் முன்னால் தள்ளினார், பெண்களுக்குப் பெண் பேசினால் அடங்குவார்களாம்.

தண்ணீர் லாரியை இரண்டு நடை கூடுதலாக விடுவதாகச் சொல்லிவிட்டு, அவர்கள் சாப்பிடும் தகரக் கொட்டகைக்கே போய் உட்கார்ந்தேன். ஏழு பெண்கள். மேட்டின் சரிவுக்கு நேர் கீழே, நிழலுக்காகப் போட்ட கொட்டகை. ஒருத்தி எனக்குக் கருவாட்டுத் துண்டு ஒன்று வைத்தாள். அவளே கேட்டாள், "ஏக்கா, இந்தச் சாம்ப மலை ஒருநா எங்க தலைல வந்து உக்காந்துராதுல்லா?"

நூற்றுக்கு நூற்றிரண்டு இறுகியிருக்கிறது, நானே குழி போட்டுப் பார்த்தது, கல்லைவிட உறுதி என்றேன். அவர்கள் நம்பினார்கள். கருவாடு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

லேபைப் பெருக்கினேன். மூலையில் ஜூலையில் ப்ராக்டர் போட்டபோது மிஞ்சிய பழைய சாம்பல் ஒரு முழு மூட்டை இருந்தது. ப்ராக்டர் என்றால் இந்தச் சாம்பலை எவ்வளவு தூரம் இறுக்க முடியும் என்று லேபில் அடித்துப் பார்க்கும் சோதனை. அதில் கிடைக்கும் உச்ச அடர்த்திதான் நூறு. ஜூலையில் 1.16 வந்தது. அதை வைத்துத்தான் எல்லாக் கணக்கும்.

பழைய மூட்டையையும் இப்போது வருகிற சாம்பல் மூட்டையையும் இடம் மாற்றி வைத்தேன். ஒரே அளவுச் சாக்கு. புதியது கனமாக இருந்தது. முதுகு வலி காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 18, புதன்

மேற்படி.

செப்டம்பர் 19, வியாழன்

தலைவலி. குழம்பில் உப்பு இல்லை என்று இவர் சொன்னதற்கு, உப்பு யார்டில் இருப்பவர் சட்டைப் பையில் கொண்டுவர வேண்டியதுதானே என்று கத்தினேன். பிறகு பாவமாக இருந்தது. அப்பளம் பொரித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பதினெட்டாவது அடுக்கு, 101.4.

சாம்பல் எடுக்கும் இடம் மாறினால் புதிதாக ப்ராக்டர் போட வேண்டும் என்பது விதி. இடம் மாறவில்லையே, அதே குளம்தான். ரிஜிஸ்டரிலும் அதே குளத்தின் பெயர்தான் இருக்கிறது. தவிர, ப்ராக்டர் என்றால் ஐந்து தடவை ஈரம் மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடிக்க வேண்டும், அரை நாள் போய்விடும். தினமும் குழி, தினமும் சட்டி. எங்கே நேரம்? இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை, யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. திரைச்சீலை துவைத்தேன். கியாஸ் அடுப்பைக் கழற்றிக் கழுவினேன். டப்பாக்களை எல்லாம் இறக்கி ஏற்றினேன். இவர் இரண்டு தடவை உட்காரச் சொன்னார், உட்கார முடியவில்லை. சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சும்மா சைட் பக்கம் போய்வந்தேன். மேடு அப்படியே நிற்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

பட்டியல் வந்துவிட்டது. நிரந்தரத்துக்கு மூன்று பெயரில் என் பெயர் முதலில். குமரகுரு சார் லட்டு வாங்கினார். உச்சிமாகாளி அண்ணாச்சி தன் பங்கைச் சாப்பிடாமல் பேத்திக்கென்று காகிதத்தில் மடித்துக்கொண்டார். "எல்லாம் ஒங்க கைராசிதான், நமக்கும் நல்ல பேரு" என்றார்.

அக்டோபர் 13, ஞாயிறு

வெள்ளி சாயங்காலம் பிடித்த மழை இன்று காலைதான் விட்டது. ஆராதனை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது சார் போன் பண்ணினார். சரிவு இறங்கிவிட்டது, உடனே வாங்க.

பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு மேடு வயிற்றைத் தள்ளிக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறது. செம்மண் போர்வை கிழிந்து, சாம்பல் கூழாக ஓடி, நான்கு பாத்திகளை மூடிவிட்டது. தகரக் கொட்டகையில் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிகிறது.

ஞாயிறு என்பதால் யாரும் இல்லை. யாரும் இல்லை, யாரும் இல்லை என்று சார் எல்லோரிடமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தகர மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கருவாடு வைத்தவளின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து விசாரணை. சார், ஒப்பந்தக் கம்பெனி மேனேஜர், நான், உச்சிமாகாளி அண்ணாச்சி. ரிஜிஸ்டரை மேசையில் விரித்து வைத்தார்கள். பதினொன்றிலிருந்து இருபத்துநான்கு வரை பதினான்கு அடுக்கு, எல்லாம் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து.

அப்படியென்றால் குழி போட்ட இடங்கள் சரியாக இருக்கின்றன, போடாத இடங்களில் ரோலர்காரன் ஏமாற்றியிருக்கிறான் என்று மேனேஜர் முடிவு கட்டினார். எட்டுக்குப் பதில் ஐந்தோ ஆறோ போயிருப்பான் என்றார்.

அண்ணாச்சி டப்பாவை எடுத்துக் கொட்டைகளை மேசைமேல் கொட்டினார். மேனேஜர் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "ஓரம் வரைக்கும் எட்டுத் தடவ போயிருக்கேன் சார். நம்பலேன்னா எப்சிம்மா ரிஜிஸ்டரைப் பாருங்க. அதுல பொய் வராது" என்றார்.

நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

அண்ணாச்சியை நிறுத்திவிட்டார்கள். இந்தக் கம்பெனியின் வேறு எந்த சைட்டிலும் எடுக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்களாம். முப்பது வருசத்தில் அவர்மேல் ஒரு சொல் வந்ததில்லை. பஸ்ஸுக்குப் போகிற வழியில் லேப் வாசலில் நின்று விபூதி டப்பாவை நீட்டினார். ரோலர் இல்லாதவனுக்கு இது எதற்கு, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 16, புதன்

எண்ணிப் பார்த்தேன். எட்டும் சரியாக இருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

சார் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு ப்ராக்டர் போட்டேன். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. ஐந்து கிலோ சம்மட்டி, ஓர் அச்சுக்கு ஐந்து அடுக்கு, அடுக்குக்கு இருபத்தைந்து அடி. அப்படி ஐந்து அச்சு. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

1.29.

இந்தச் சாம்பலுக்கு நூறு என்பது 1.16 இல்லை, 1.29. களத்தில் எனக்கு வந்துகொண்டிருந்தது 1.18. வகுத்துப் பார்த்தால் 91.5. பதினான்கு அடுக்கில் ஒன்றுகூடப் பாஸ் இல்லை. அண்ணாச்சி எட்டுத் தடவை போனார், அதில் சந்தேகமே இல்லை. இந்தச் சாம்பலுக்கு எட்டு போதாது. போதாது என்று சொல்ல வேண்டியவள் நூற்றிரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழாய் வாயில் கனமான, கொரகொரப்பான சாம்பல் முதலில் படியும். மாவு மாதிரி இருப்பது தண்ணீரோடு போய்க் கடைசிக் கரையில் படியும். ஒரே குளம், இரண்டு சாம்பல். டிப்ளமோ இரண்டாம் வருசப் பாடம். ஜூலையில் நான் அடித்துப் பார்த்தது கடைசிக் கரைச் சாம்பல். எந்தத் தேதியில் மாறியது என்று தேடினேன். லாரிச் சீட்டில் குளத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. என் ரிஜிஸ்டரில் 'சாம்பல் எடுத்த இடம்' கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை மேற்படி.

வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் புரட்டினேன். ஆகஸ்ட் 22. சுடலைமணி சொன்னது, சாம்பல் கையில் ஒட்டாதது, எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள இனி வழியில்லை. தெரிந்ததை எழுதி வைத்துவிட்டு, அதற்குக் கீழேயே நிரந்தரம் என்று எழுதிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். செப்டம்பரில் மூட்டையைத் தூக்கியபோது எனக்கு முதுகு வலிக்கவே இல்லை.

அந்தத் தாளைப் பிடித்து மேல்நுனியில் கொஞ்சம் கிழித்தேன். கிழிசல் இப்போதும் இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

இவரிடம் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார். நீ சொல்லாவிட்டால் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். வேலை போகுமா என்றார். போகலாம், நிரந்தரம் நிச்சயம் போகும் என்றேன்.

"எடை தப்புன்னு தெரிஞ்ச பொறவு மேடைல அடுத்த வண்டிய ஏத்த மாட்டோம், எப்சி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நீ போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கோபம் கோபமாக வந்தது. யாராவது ஒருத்தர் எனக்காக முடிவெடுத்துத் தொலைத்தால் என்ன?

அக்டோபர் 19, சனி

குமரகுரு சாரிடம் 1.29 தாளைக் கொடுத்தேன். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏனுங்க எப்சிபா, ரிஜிஸ்டர் சுத்தமா இருக்குது. பழி ரோலர்காரன் மேல போயிருச்சு. சரிஞ்ச எடத்தை மட்டும் எடுத்துக் கட்டிப்போட்டா முடிஞ்சுது. இதை இப்போ எதுக்குங்க?"

சரிந்த இடம் பன்னிரண்டு மீட்டர், மீதி நானூறு மீட்டரும் அதே சாம்பல்தான் என்றேன். எந்தத் தேதியிலிருந்து என்று எப்படித் தெரியும், அதற்கு ரிக்கார்டு இல்லையே என்றார். இருக்கிறது என்றேன். எங்கே என்றார். என் டைரியில் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்தப் பக்கத்தில்தான் கோழியும் இருக்கிறது.

திங்கட்கிழமை மேற்பார்வை ஆலோசகர் மதுரையிலிருந்து வருகிறார்.

அக்டோபர் 20, ஞாயிறு

பாதிரியார் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று தெரியாது. பாட்டுக்கு எல்லோரும் எழுந்ததும் எழுந்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுக்கலாமா, சாரைப் பற்றிய பத்தியை மறைத்து எடுக்கலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியை மறைத்தால் மற்ற வரிகளை யார் நம்புவார்கள்?

அக்டோபர் 21, திங்கள்

கொடுத்துவிட்டேன். டைரியையே கொடுத்தேன்.

ஆலோசகர் வயதானவர், நிதானமானவர். அந்தப் பக்கத்தை முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு, எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று சத்தமாக வாசித்தார். கடப்பாரை, கைராசி, சுடலைமணி, குழாய் வாய், சோப்பு. அடுத்த பத்திக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்திவிட்டு அதையும் வாசித்தார். மேனேஜர் இருமினார். குமரகுரு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆகஸ்ட் இருபத்தொண்ணுல இருந்து. அப்படித்தானேம்மா?" என்று ஆலோசகர் கேட்டார்.

ஆமாம் என்றேன். ரோலர் ஓட்டியவர் எட்டுத் தடவை போனார், தவறு அவர்மேல் இல்லை, என் எண்ணில்தான் என்றும் சொன்னேன். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு டைரியைத் திருப்பித் தந்தார்.

அக்டோபர் 29, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. பதினான்கு அடுக்கையும் தோண்டி எடுத்து மறுபடி போட வேண்டும், செலவு கம்பெனியுடையது. எனக்குக் குற்ற மெமோ. நிரந்தரப் பட்டியலில் என் பெயர் இல்லை. இந்தப் பாதை முடியும்வரை லேபில் இருக்கலாம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். உச்சிமாகாளி அண்ணாச்சிமேல் எழுதியதை ரத்து செய்து, வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

குமரகுரு சார் என்னோடு பேசுவதில்லை. ரிஜிஸ்டரை இப்போதெல்லாம் கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் பிடித்து வாசிக்கிறார். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 11, திங்கள்

மழை. வேலை இல்லை. அண்ணாச்சி இன்னும் வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். டப்பா என் மேசை டிராயரில்தான் இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

மேற்படி என்று எழுதக் கை போனது. மழை, வேலை இல்லை என்றே எழுதிக்கொள்கிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

வெயில் வந்துவிட்டது. மேட்டைத் தோண்டி இறக்கியாயிற்று. உப்புப் பெண்களுக்குப் புதுக் கொட்டகை, சரிவிலிருந்து நூறு அடி தள்ளிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். கருவாடு வைத்தவளின் பெயர் முத்துக்கனி. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் பெயரைப் பக்கத்தில் இருந்தவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் 30, திங்கள்

டைரியில் இன்னும் ஒரு நாள்தான் மிச்சம்.

மறுபடியும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதில் உச்சிமாகாளி அண்ணாச்சி சனிக்கிழமையே வந்துவிட்டார். என்னிடம் வரவில்லை. வண்டிக்கு எண்ணெய் போட்டார், தண்ணீர் தெளிக்கிறவனோடு பேசினார், ரோலரில் ஏறினார். இன்று பதினோராவது அடுக்கு, மறுபடியும். லாரி வந்ததும் நான் போய் சுடலைமணியிடம் கேட்டு, ரிஜிஸ்டரில் முழுதாக எழுதினேன்: குளம், குழாய் வாய்ப் பக்கம், காலை எட்டரை மணிக்கு அள்ளியது, சொன்னவர் ஓட்டுநர் சுடலைமணி. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத்து அடங்கவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். அவர் இறங்கி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டப்பா கையில் இல்லாததால் தடவைக்கு ஒரு கல்லாக ஓரத்தில் வைத்திருந்தார். எண்ணினேன், எட்டு. டப்பாவை நீட்டினேன். வாங்கிக் குலுக்கிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் அண்ணாச்சி என்றேன். அவர் நடக்கத் தொடங்கினார். நடுவில் வேப்பங்குச்சி எதுவும் நடவில்லை. நடுவைத் தாண்டி, சரிவின் ஓரத்துக்கே போய், ரோலர் ஏறியும் ஏறாமலும் இருந்த ஒரு மூலையில் காலால் கோடு கிழித்தார்.

"இங்க போடுங்க."

போட்டேன். குழி எடுத்து, எடை போட்டு, மணல் ஊற்றி, லேபுக்கு ஓடிப் போய்ச் சட்டியில் வறுத்து, 1.29-ஆல் வகுத்தேன். இரண்டு தடவை வகுத்தேன். அவர் ரோலரின் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வருவதைப் பார்த்து எழுந்தார்.

"தொண்ணூத்தி மூணுதான் அண்ணாச்சி. பத்தல" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் போய்விட்டதா இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. "வீட்ல புளி இருக்குமில்ல? நாளைக்கு வரும்போது ரெண்டு கொட்டை கொண்டு வாங்க" என்றார். பிறகு கீழே குனிந்து இரண்டு கல்லை எடுத்து, எட்டோடு சேர்த்து வைத்துவிட்டு, ரோலரில் ஏறினார்.